வீட்டுக் கார் ஷெட்டில் முதல் கத்தி செய்வது எப்படி

கத்தி செய்யக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த இயந்திரத்தை வாங்க வேண்டும் என்றுதான். முதல் கத்திக்கு எந்த இயந்திரமும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். அசையாமல் பிடிக்கும் ஒரு வைஸ், 12 அங்குலத் தட்டை அரங்கள் இரண்டு, ஒரு ஹேக்சா, சுவரில் துளையிட வீட்டில் வைத்திருக்கும் டிரில்லிங் மெஷின், சில எமரித் தாள்கள் ஆகியவை இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். அரத்தால் தேய்த்துச் செய்யும் கத்திக்கு நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பெல்ட் கிரைண்டர் பத்து விநாடியில் செய்துவிடும் தவற்றைச் செய்ய அரத்துக்கு அரை மணி நேரம் வேண்டும். அதற்குள் கண் அதைக் கண்டுபிடித்துவிடும். புதிதாகக் கற்கிறவருக்கு அந்த அவகாசம்தான் தேவை.

கத்தி செய்ய இரண்டு வழிகள் உண்டு. உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து உருவத்துக்குக் கொண்டுவருவது ஒன்று. பட்டையாகக் கிடைக்கும் எஃகை வெட்டி, வேண்டாததைத் தேய்த்து நீக்கி உருவம் எடுப்பது மற்றொன்று. அடிப்பதற்குப் பட்டடைக்கல்லும் பற்றுக்குறடும் பல மாதப் பழக்கமும் வேண்டும். தெருவில் நான்கு வீட்டுக்குக் கேட்கும் சத்தமும் எழும். அதனால் இங்கே நான் விவரிப்பது இரண்டாவது வழியை. செய்யப்போவது 5 அங்குல அலகுள்ள காய்கறிக் கத்தி. அலகும் பிடிக்குள் செல்லும் பகுதியும் ஒரே பட்டையாக, பிடியின் கடைசி வரை நீளும் அமைப்பு அது. வேட்டைக் கத்தியோ குத்துவாளோ செய்ய ஆசைப்படுகிறவர்களும் இதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சமையலறைக் கத்தி தினமும் வேலை செய்கிறது. நம் கைவேலையில் உள்ள ஒவ்வொரு குறையையும் ஒரு வாரத்துக்குள் சொல்லிவிடுகிறது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை, வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றின் பயன்பாட்டுக்கென வடிவமைத்தவை நீங்கலாக, 2016ஆம் ஆண்டின் இந்திய ஆயுத விதிகள் ஆயுதப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. வாளும் குத்துவாளும் அதே பட்டியலில் உள்ளன. காய்கறிக் கத்திக்கு அந்தக் கவலை இல்லை.

இடத்தை ஒழுங்குபடுத்துதல்

கார் ஷெட் என்பது பட்டறை அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. அங்கே வண்டி நிற்கிறது, வண்டியில் பெட்ரோல் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் படர்ந்து நிற்கும். ஆங்கிள் கிரைண்டரின் ஒரு பொறியோ உலையின் ஒரு தணலோ அதற்குப் போதும். ஆகவே பொறி பறக்கும் வேலையோ நெருப்பு வேலையோ செய்யும் நாளில் காரையும் ஸ்கூட்டரையும் வெளியே நிறுத்திவிட்டு, பழைய பெயின்ட் டப்பா, தின்னர் பாட்டில், அட்டைப் பெட்டிகள் எல்லாவற்றையும் அகற்றி, தரையைப் பெருக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். உலையை ஷெட்டுக்குள் வைக்கவே கூடாது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. வாசலுக்கு வெளியே திறந்த இடத்தில்தான் உலை இருக்க வேண்டும். சிமென்ட் தரையின் மீது நேரடியாக நெருப்பு மூட்டினாலும் ஆபத்து உண்டு. உள்ளே இருக்கும் ஈரம் சூடேறி, தரை சில்லுச் சில்லாக வெடித்துத் தெறிக்கும். கீழே செங்கலையும் மணலையும் பரப்பிக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு நல்ல வடிகட்டியுள்ள முகமூடி, காலுக்கு மூடிய காலணி ஆகியவை எப்போதும் வேண்டும். லுங்கி, தோளில் துண்டு, தொங்கும் துப்பட்டா, முடியாத கூந்தல் ஆகியவற்றோடு சுழலும் எந்தக் கருவியின் பக்கத்திலும் போகக் கூடாது. கையுறையைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. நெருப்பு வேலைக்குத் தோல் கையுறை கட்டாயம். ஆனால் டிரில்லிங் மெஷினுக்கும் கிரைண்டருக்கும் முன்னால் கையுறை அணியக் கூடாது. துணியைக் கவ்வும் சுழற்சி விரலையும் சேர்த்தே இழுத்துக்கொள்ளும்.

எஃகைத் தேர்ந்தெடுத்தல்

இரும்பெல்லாம் கத்தியாகாது. கடினமாகும் தன்மையை எஃகுக்குக் கொடுப்பது அதிலுள்ள கரிமம். கிரில் கடையில் கிடைக்கும் மைல்டு ஸ்டீல் பட்டையில் கரிமம் 0.25 சதவீதத்தைத் தாண்டாது; அதை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கூர் நிற்காது. கத்திக்கு ஏறக்குறைய 0.6 முதல் 1 சதவீதம் வரை கரிமம் வேண்டும்.

பழைய லாரிப் பட்டையில், அதாவது லீஃப் ஸ்பிரிங்கில், கத்தி செய்யலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது தவறில்லை. நம் ஊர்க் கொல்லர்கள் அரிவாளுக்கும் கத்திக்கும் பெரும்பாலும் அதைத்தான் எடுக்கிறார்கள். சென்னையில் புதுப்பேட்டைக்குப் போனால் பழைய பட்டை எளிதில் கிடைக்கும். ஆயினும் முதல் கத்திக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பல ஆண்டுகள் பாரம் தாங்கி வளைந்து நிமிர்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கக்கூடும். அது எந்த வகை எஃகு என்பதும் உறுதியாகத் தெரியாது, தெரியாத எஃகுக்குச் சரியான சூட்டையும் சொல்ல முடியாது. மேலும் அது காய்கறிக் கத்திக்கு வேண்டியதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தடிமனாக இருக்கும். அரத்தால் அதைக் குறைப்பது வீண் உழைப்பு. பட்டையில்தான் செய்வேன் என்று பிடிவாதம் இருந்தால், பக்கத்தில் உள்ள பட்டறையில் கொடுத்து 3 மில்லிமீட்டருக்கு அடித்துத் தட்டித் தரச் சொல்லுங்கள். அந்த வேலை நடக்கும்போது அருகில் நின்று பார்ப்பதே ஒரு பாடம்.

கத்தி செய்வோருக்கென்றே எஃகு விற்பவர்களிடம் 1084 என்ற வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். பெயரில் உள்ள 84 என்பது சுமார் 0.84 சதவீதக் கரிமத்தைக் குறிக்கிறது. சரியான சூட்டை எட்டியவுடனே அதிலுள்ள கரிமம் எஃகு முழுதும் கரைந்து பரவிவிடும். நீண்ட நேரம் அதே சூட்டில் வைத்திருக்க வேண்டியதில்லை. கரி உலையில் சூட்டைக் கண்ணால் அளக்கும் நமக்கு இது மிகப் பெரிய வசதி. அச்சு வார்ப்புப் பட்டறைகளுக்கு எஃகு விற்கும் கடைகளில் கிடைக்கும், எண்ணெயில் கடினமாகும் ஓஎச்என்எஸ் எஃகு, பேரிங் எஃகான இஎன் 31 ஆகியவையும் அருமையான கத்தியாகும். ஆனால் அவற்றில் குரோமியம் போன்ற உலோகங்கள் கலந்திருப்பதால், ஒரே சூட்டில் ஏறாமல் இறங்காமல் பத்து நிமிடங்களுக்குக் குறையாமல் நிறுத்த வேண்டியிருக்கும். சூட்டைக் கட்டுப்படுத்தும் மின் உலை இல்லாமல் அது கைகூடுவது கடினம். பழைய மெஷின் ஹேக்சா பிளேடுகள் பல அதிவேக எஃகால் ஆனவை. அவற்றைத் துளையிடவும் முடியாது, வீட்டில் சூடேற்றிப் பதப்படுத்தவும் முடியாது.

வாங்க வேண்டியது 2.5 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமன், 45 மில்லிமீட்டர் அகலம், ஓரடி நீளமுள்ள பட்டை. அதிலேயே சிறிது கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டி மிஞ்சும் துண்டுகள் பின்னால் தோய்ச்சலை, அதாவது எஃகைக் காய்ச்சி எண்ணெயில் சட்டென்று ஆற்றுவதை, பழகிப் பார்க்கப் பயன்படும்.

வரைந்து வெட்டுதல்

கத்தியின் வடிவத்தை முதலில் அட்டையில் வரைந்து வெட்டி எடுங்கள். அந்த அட்டைக் கத்தியைச் சமையலறைக்கு எடுத்துச் சென்று, நறுக்கும் பலகையின் மீது வைத்துப் பிடித்துப் பாருங்கள். வீட்டில் யார் அதிகம் சமைக்கிறாரோ அவர் கையிலும் கொடுத்துப் பார்க்க வேண்டும். விரல் முட்டிகள் பலகையில் இடித்தால் அலகின் உயரம் போதவில்லை என்று பொருள். 40 முதல் 45 மில்லிமீட்டர் உயரம் பெரும்பாலான கைகளுக்குப் பொருந்தும். அட்டையில் இந்தத் திருத்தங்களுக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

வடிவத்தை எஃகின் மீது மார்க்கர் பூசிய பரப்பில் கூரான ஆணியால் கீறி, ஹேக்சாவால் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே வெட்டுங்கள். வளைவான இடத்தில் குறுக்குக் குறுக்காகப் பல வெட்டுகள் போட்டு, நடுவில் நிற்கும் பற்களை உடைத்தெடுத்துவிட்டு, மீதியை அரத்தால் கோடு வரை கொண்டுவர வேண்டும். அலகும் பிடியும் சேரும் இடத்தில் செங்கோணமான உள்மூலை இருக்கவே கூடாது. உருண்டையான அரத்தால் அதை வளைவாக்குங்கள். சூட்டிலிருந்து எண்ணெய்க்குள் போகும்போது எஃகு விரிசல் விடத் தொடங்குவது அத்தகைய கூர்மூலைகளில்தான்.

பிடிக்கான துளைகளையும் இப்போதே போட்டுவிட வேண்டும். கடினமான பிறகு சாதாரண பிட் அதில் இறங்காது. துளையிடும்போது எஃகைக் கையால் பிடிக்காமல், பலகையோடு சேர்த்துக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பிட் மறுபக்கம் வெளிவரும் அந்தக் கணத்தில் எஃகைக் கவ்விச் சுழற்றும். பிடிமானமில்லாத அலகு அப்போது விசிறியைப்போல் சுற்றும். 5 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பிக்கு அதைவிடச் சற்றே பெரிய துளை இருந்தால் பிறகு ஒட்டும்போது சிரமம் இருக்காது.

சரிவு இறக்குதல்

கத்தியைக் கத்தியாக்குவது முதுகிலிருந்து வாய் நோக்கி, அதாவது வெட்டும் ஓரம் நோக்கி, இருபுறமும் இறங்கும் சரிவு. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் அமைய வேண்டுமானால், வாய்ப்பக்கத்தின் சரியான நடுக்கோடு தெரிய வேண்டும். அதற்கு எளிய உபாயம் ஒன்று உண்டு. எஃகின் தடிமனுக்குச் சமமான டிரில் பிட் ஒன்றை, அதாவது 3 மில்லிமீட்டர் எஃகுக்கு 3 மில்லிமீட்டர் பிட்டை, கண்ணாடித் துண்டின் மீது அலகோடு அருகருகே படுக்கவையுங்கள். பிட்டின் முனை சரியாக எஃகின் பாதித் தடிமனில் நிற்கும். வாய்ப்பக்கத்தில் மார்க்கர் மை பூசி, பிட்டின் முனையால் நெடுகக் கீறுங்கள். அலகைப் புரட்டி மீண்டும் ஒருமுறை கீறுங்கள். இரண்டு கீறல்களும் ஒன்றாக விழுந்தால் அதுவே நடு. சிறிது விலகியிருந்தால் அவற்றின் இடைவெளியில் நடு இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு இருபுறமும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக விட்டுச் சரிவை நிறுத்த வேண்டும். மொத்தத்தில் வாய் 0.8 மில்லிமீட்டர் தடிமனோடு நிற்கட்டும். தோய்ச்சலுக்கு முன்பே வாயை மெலிதாக்கினால், சூட்டில் அது அலைபோல் நெளிந்துவிடும்.

அலகை ஒரு மரச்சட்டத்தின் மீது படுக்கவைத்துக் கிளாம்ப் போட்டு, சட்டத்தை வைஸில் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் செங்குத்தான கோணத்தில் வாய் ஓரத்தை மட்டும் நடுக்கோட்டின் அருகே வரை தேயுங்கள். பிறகு அரத்தைச் சிறிது சிறிதாகப் படுக்கவைத்து, அந்தச் சரிவை முதுகை நோக்கி ஏற்றிக்கொண்டே போக வேண்டும். தொடக்கத்திலேயே படுத்த கோணத்தில் தேய்த்தால், வாய் எங்கே நிற்கிறது என்பது கடைசி வரை தெரியாமல் ஒரு பக்கம் அதிகமாகப் போய்விடும். அரம் முன்னே தள்ளும்போது மட்டுமே அறுக்கும். பின்னே இழுக்கும்போது தூக்கிவிடுங்கள், இல்லையேல் பற்கள் மழுங்கும். அரத்தின் பற்களில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் எஃகுத் தூள் பற்களுக்கிடையில் சிக்கிப் பரப்பில் ஆழமான கீறல் போடாது. ஒரு பக்கத்துக்கு ஐம்பது தள்ளு என்று எண்ணிக்கொண்டு பக்கத்தை மாற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இறங்கும்.

இந்த வேலையில் அரத்துக்கு இணையான கருவி வெளிச்சம். அலகை ஜன்னலுக்கு நேரே பிடித்து மெல்லச் சாய்த்தால், தட்டையான சரிவு முழுவதும் ஒரே கணத்தில் பளிச்சிடும். வெளிச்சம் கோடாகத் தோன்றி முதுகிலிருந்து வாய்க்கு ஊர்ந்து சென்றால் பரப்பு உருண்டையாகிவிட்டது, அரம் ஊசலாடுகிறது என்று அறியலாம். உருண்டுவிட்ட இடத்தில் மார்க்கர் பூசி, மை எங்கே மிஞ்சுகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்துங்கள். இந்தக் கட்டத்தில் செலவாகும் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தை நான் ஒருபோதும் நஷ்டமாக எண்ணியதில்லை. கை சமமாக நகரக் கற்றுக்கொள்வது இங்கேதான்.

அரத்தின் கீறல்கள் மறையும் வரை, தட்டையான மரத்துண்டில் சுற்றிய எமரித் தாளால் 120ஆம் எண், பிறகு 220ஆம் எண் என்று தேயுங்கள். குறுக்காக ஓடும் ஆழமான கீறல் எதுவும் மிஞ்சக் கூடாது. அதுவும் விரிசலுக்கு வழியாகும்.

தோய்ச்சல்

இதுவரை செய்தது கத்தியின் உருவம் மட்டுமே. கொல்லர்கள் தோய்ச்சல் என்று சொல்லும் வேலையில்தான் அதற்கு உயிர் வருகிறது. சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் எஃகின் உள்ளமைப்பு மாறி, கரிமம் அதில் கரைந்துவிடுகிறது. மெதுவாக ஆறினால் கரிமம் பிரிந்து வெளியேறி எஃகு மென்மையாகும். சட்டென்று ஆற்றினால் பிரிய நேரமில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொண்டு, எஃகைக் கண்ணாடிபோல் கடினமாக்குகிறது. 1084 எஃகு அந்தச் சூட்டிலிருந்து 540 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய ஒரே விநாடியில் இறங்கியாக வேண்டும். உலையிலிருந்து எண்ணெய்க்குப் போகும் தூரம் ஓரெட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதற்குக் காரணம் அதுதான்.

உலைக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். தீச்செங்கற்களால் ஒரு தொட்டி கட்டி, பக்கவாட்டில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, தலைமுடி உலர்த்தும் டிரையரின் காற்றைக் குளிர்நிலையில் விட்டால் போதும். சீமைக்கருவேலங்கரி நன்றாகச் சூடேறும். கொட்டாங்குச்சிக் கரியும் ஆகும். கரி நன்றாகப் பற்றித் தணலான பிறகு, அலகைத் தணலுக்குள் முதுகு கீழாக வைத்து, நேரடியாகக் காற்று படாதபடி முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே சூடேற்றுங்கள். மெல்லிய முனைதான் முதலில் சூடேறும். அதைத் தணலுக்கு வெளியே எடுத்து எடுத்து ஆற்றிக்கொள்ள வேண்டும்.

சூட்டை எப்படி அறிவது? இந்த வேலையை மாலை மங்கிய பிறகு செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் எஃகின் நிறம் ஏமாற்றும். கம்பியில் கட்டித் தொங்கவிட்ட காந்தத்தை அலகுக்குக் காட்டினால், சுமார் 770 டிகிரியில் எஃகு காந்தத்தை இழுப்பதை நிறுத்திவிடும். அதற்குச் சற்று மேலே போக வேண்டும். சமையல் உப்பு 801 டிகிரியில் உருகும் என்பதால், மிஞ்சிய எஃகுத் துண்டின் மீது சில உப்புக்கற்களை வைத்து, அவை உருகி வழியும்போது எஃகு எந்த நிறத்தில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே கண்ணில் பதித்துக்கொள்வது நல்ல பழக்கம். இன்னொரு குறிப்பும் உண்டு. உள்ளமைப்பு மாறும் நேரத்தில் எஃகு சூட்டை உறிஞ்சிக்கொள்வதால், சிவந்த அலகின் மீது மேக நிழல் போன்ற கருமை ஊர்ந்து செல்லும். அந்த நிழல் முழுதும் கடந்து, அலகு ஒரே சீரான நிறத்துக்கு வந்தால் அது தயார். முதல்முறை அந்த நிழலைப் பார்த்தபோது கையில் குறடு இருப்பதையே மறந்து நின்றேன்.

எண்ணெயில் தோய்ப்பதற்கு முன், அலகை இப்படிச் சூடேற்றி, அசைவற்ற காற்றில் கருமையாகும் வரை ஆறவிடுவதை மூன்று முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் முந்தைய சூட்டைவிடச் சற்றே குறைவாக இருக்கட்டும். இது எஃகின் உள்ளே இருக்கும் நுண்ணிய படிக மணிகளைச் சிறிதாக்கி, உள்ளே இருக்கும் இறுக்கத்தைத் தளர்த்தும். சூட்டைப் பழகிக்கொள்ள நமக்கு மூன்று ஒத்திகைகளும் கிடைக்கும்.

எண்ணெயாகக் கடலை எண்ணெயே போதும். உயரமான, மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் நான்கைந்து லிட்டர் ஊற்றி, 50 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான எண்ணெய் இளகி ஓடுவதால் குளிர்ந்ததைவிட வேகமாகச் சூட்டை இழுக்கும். பழைய எஞ்சின் ஆயில் வேண்டாம், அதன் புகை நஞ்சு. தண்ணீரும் வேண்டாம். நான் முதன்முதலில் செய்த அலகை, சினிமாவில் பார்த்த நினைவில் தண்ணீர் வாளிக்குள் செருகினேன். உள்ளிருந்து ‘டிணுக்’ என்று ஒரு மெல்லிய சத்தம் வந்தது. வெளியே எடுத்தபோது வாயிலிருந்து பாதி உயரம் வரை தலைமுடி போன்ற ஒரு கோடு ஓடியிருந்தது. மூன்று வாரத் தேய்ப்பு அந்த ஒரு சத்தத்தில் போயிற்று. அனுபவமுள்ள கொல்லர்கள் தண்ணீரில் தோய்ப்பது உண்மைதான். வாய்ப்பக்கத்தை மட்டும் எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழம் என்று அவர்கள் கை அறியும். நம் கைக்கு அது வரும் வரை எண்ணெயே துணை.

சூடு வந்ததும் தயங்காமல் அலகை முனை கீழாக நேராக எண்ணெய்க்குள் இறக்கி, வெட்டுவதுபோல் முன்னும் பின்னும் மட்டும் அசையுங்கள்; பக்கவாட்டில் அசைத்தால் வளையும். மேற்பரப்பில் தீ எழுந்தால் பதற வேண்டாம். அலகு முழுதும் மூழ்கினால் தானே அடங்கும். அடங்காவிட்டால் மூடியைப் போட்டு அணையுங்கள், தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு வாளி மணலும் தீயணைப்பானும் இருக்க வேண்டும். பத்து விநாடி கழித்து வெளியே எடுத்து, முதுகு வழியாகப் பாருங்கள். வளைந்திருந்தால், சூடு தணிந்துகொண்டிருக்கும் அந்த ஒரு நிமிடத்துக்குள் கையுறை அணிந்த கையால் மெல்ல நிமிர்த்தலாம். முழுதும் ஆறிய பிறகு நிமிர்த்தப் பார்த்தால் ஒடிந்துவிடும்.

இப்போது பழைய அரம் ஒன்றை வாயின் மீது இழுத்துப் பாருங்கள். கண்ணாடியின் மீது வழுக்குவதுபோல் அரம் பிடிக்காமல் ஓடினால் தோய்ச்சல் வெற்றி. அரம் கடித்தால் சூடு போதவில்லை, அல்லது எண்ணெய்க்குள் போகத் தாமதமாகிவிட்டது. மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டும். மேலே மெல்லிய தோல் மட்டும் கரிமம் இழந்து மென்மையாக இருக்கக்கூடும் என்பதால், இரண்டு இழுப்புக்குப் பிறகும் கடிக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த நிலையில் அலகு தரையில் விழுந்தாலே உடையும். ஆகவே எண்ணெயைச் சோப்பால் கழுவிவிட்டு, அன்றே, தாமதிக்காமல் பதம் இறக்க வேண்டும், அதாவது மிதமான சூட்டில் வைத்து நொறுங்கும் தன்மையைக் குறைக்க வேண்டும். கேக் செய்யும் ஓடிஜி அடுப்பில், மணல் நிரப்பிய தட்டில் அலகைப் புதைத்து, 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வையுங்கள்; வெளியே எடுத்து முழுதும் ஆறவிட்டு, மீண்டும் இரண்டு மணி நேரம். அடுப்பின் திருகில் உள்ள எண்ணை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி ஒன்றை வையுங்கள். இருபது முப்பது டிகிரி ஏறி இறங்கும் அடுப்புகள் சாதாரணம். ஓர் ஓரத்தை எமரியால் பளபளப்பாக்கி வைத்திருந்தால், அது வெளிறிய வைக்கோல் நிறத்துக்கு வந்திருப்பதைக் காணலாம். பழுப்பு சுமார் 250 டிகிரியையும் நீலம் சுமார் 300 டிகிரியையும் காட்டும். காய்கறிக் கத்தியின் வாயில் நீலம் ஏறினால் கூர் நிற்காது.

இன்று நாம் அடுப்பின் வெப்பமானியைப் பார்த்துச் செய்வதை நம் மண்ணில் நிறத்தைக் கண்டே செய்திருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. அந்தத் தொழில் எத்தனை நுட்பமான கண்களைக் கேட்டிருக்கும் என்பது, ஒரு மாலை முழுவதும் தணலைப் பார்த்துக்கொண்டிருந்தால் விளங்கும்.

முடிப்பு வேலை

பதம் இறக்கிய அலகின் கருமையை நீக்கி, வாயை இறுதித் தடிமனுக்கு மெலிதாக்க வேண்டும். இப்போது அரம் இறங்காது. எமரித் தாளும் கார்பொரண்டம் கல்லும்தான் வழி. கூருக்குச் சற்று மேலே தடிமன் 0.3 மில்லிமீட்டர் வரை வந்தால் வெங்காயம் பிளவுபடாமல் வெட்டுப்படும். கத்தி எவ்வளவு கூராக இருந்தாலும் இந்த இடம் தடித்திருந்தால் கேரட்டை ஆப்பு வைத்ததுபோல் பிளக்கும். பெரும்பாலான முதல் கத்திகளின் குறை இதுவே. கிரைண்டர் பயன்படுத்தினால் வெறும் கையால் பிடித்து, ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் நனையுங்கள். கை தாங்காத சூடு பதத்தையும் கெடுக்கத் தொடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிக்குத் தச்சரிடம் மிஞ்சிய தேக்குத் துண்டோ நன்றாகக் காய்ந்த கருவேலமோ வேப்பமரமோ போதும். பச்சை மரம் சுருங்கி விரிசல் விடும். எஃகையும் மரத்தையும் 80ஆம் எண் தாளால் கீறி, தின்னரால் துடைத்து, மெதுவாக இறுகும் வகை அரால்டைட்டால் ஒட்டி, பித்தளைக் கம்பிகளைச் செருகி, கிளாம்பை அளவாக இறுக்கி ஒரு நாள் முழுதும் விடுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பசை முழுதும் பிதுங்கி வெளியேறிவிடும். வடிவமைக்கும்போது அலகைத் தடித்த டேப்பால் சுற்றிவைக்க வேண்டும். பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காற்றில் காயும்போது சூடு பிறக்கிறது, சுருட்டிய துணி தானே தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவைத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

கடைசியாகச் சாணை. 400ஆம் எண் கல்லில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 15 டிகிரி கோணத்தில் தேய்த்து, மறுபக்கத்தில் பிசிறு எழுவதை விரல் நுனியால் வாய்க்குக் குறுக்காகத் தடவி உறுதிசெய்யுங்கள். வாய் நெடுக, ஓரிடம் விடாமல் பிசிறு எழுந்த பிறகுதான் பக்கத்தை மாற்ற வேண்டும். 1000ஆம் எண் கல்லில் அதே வேலையை மெல்லிய அழுத்தத்தோடு செய்து, பழைய தோல் பெல்ட்டில் வாயைப் பின்னோக்கி இழுத்துப் பிசிறை நீக்குங்கள். பழுத்த தக்காளியின் மீது அழுத்தாமல் வைத்து இழுத்தால் தோல் விட்டுக்கொடுக்க வேண்டும்.

இது துருப்பிடிக்காத எஃகு அல்ல. எலுமிச்சையும் புளியும் பட்டால் நிமிடங்களில் கறை ஏறும். பயன்படுத்தியதும் கழுவி, உடனே துடைத்து, வாரத்துக்கொரு முறை துளித் தேங்காய் எண்ணெய் தடவினால் செந்துருவுக்குப் பதில் சாம்பல்நீலப் படலம் படியும். அது எஃகைக் காக்கும். அந்தப் படலத்தைத் தேய்த்து எடுத்துவிட வேண்டாம் என்று பாத்திரம் கழுவுகிறவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

தோய்ச்சலின் அன்று பார்த்த நிறம், எண்ணெயின் சூடு, அடுப்பின் டிகிரி, நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருங்கள். இரண்டு மாதம் சமையலறையில் உழைத்த பிறகு கத்தியின் வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சிறு சிறு பற்களாக உடைந்திருந்தால் பதம் போதுமான அளவு இறங்கவில்லை, அடுத்த அலகை 215 டிகிரியில் வைக்க வேண்டும். உடையாமல் ஒரு பக்கம் மடிந்திருந்தால் கடினம் முழுதாக ஏறவில்லை, அடுத்த முறை நிழல் கடந்து செல்லும் வரை பொறுத்திருந்து, எண்ணெய்ப் பாத்திரத்தை உலைக்கு இன்னும் நெருக்கமாக வைக்க வேண்டும். எது நடந்தது என்பதை அதே பக்கத்தின் கீழே எழுதிவிட்டு, மிஞ்சிய பட்டையில் அடுத்த அட்டை வடிவத்தை வைத்துக் கீறத் தொடங்குங்கள்.